மூலைக்காரியின் இடது கை

தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்கு மூலைக்காரி என்று பெயர். ஏழு மணிச் செய்தியில் திரையின் வலது கீழ் மூலையில், தபால் அட்டையை நிறுத்தி வைத்த மாதிரி ஒரு கட்டத்துக்குள் நின்று, வாசிப்பவர் சொல்வதையெல்லாம் காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியில் சொல்வாள். பதினொரு வருடமாக அதே மூலை. அதற்குள் வாசிப்பவர்கள் ஒன்பது பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் முடிக்கும்போது தன் பெயரைச் சொல்லி விடைபெறுவார். அந்தப் பெயரையும் இவள்தான் கையால் சொல்வாள். இவள் பெயர் ஒருநாளும் திரையில் வந்ததில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதும் இல்லை. வேலைக்குப் போனோமா, செய்வதைச் சுத்தமாகச் செய்தோமா என்று இருக்கிற ஆள்.

சுத்தம் என்றால் சும்மா இல்லை. கருநீலத்தில் முழுக்கைச் சட்டை. மோதிரம் கிடையாது, வளையல் கிடையாது, நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். கையில் எது மினுங்கினாலும் பார்ப்பவர் கண் அங்கே போய்விடும் என்பாள். தரையில் ஒட்டிய சிவப்பு டேப் மேல் இரண்டு பாதத்தையும் வைத்துவிட்டால் பதினைந்து நிமிடத்துக்கு இடி விழுந்தாலும் நகரமாட்டாள். காதுக்குள் சின்னக் கருவியில் வாசிப்பவரின் குரல் வரும். குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும்போது இவள் கை முந்தைய வாக்கியத்தில் இருக்கும். ஒன்றைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். செய்து பார்க்கிறவர்களுக்குத்தான் அதில் மூச்சு முட்டுவது தெரியும்.

இன்னொன்று, அவள் இடது கைக்காரி. சைகையில் ஒரு கைதான் முக்கால்வாசிப் பேச்சையும் பேசும், மற்றது ஒத்தாசைக்கு. அவளுக்குப் பேசுகிற கை இடது.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேளாது. அப்பா வண்டிப் பட்டறையில் வெல்டர். வீட்டில் பேச்சு, சண்டை, கொஞ்சல் எல்லாமே கையில்தான். வாயால் பேசுவதைப் பக்கத்து வீட்டில் போய்க் கற்றுக்கொண்டாள். பள்ளியில் சேர்த்த முதல் மாதமே, இடது கையில் பென்சில் பிடிக்கக் கூடாதென்று டீச்சர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டார். பயந்துபோன பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் கையை முன்னால் எடுக்கவில்லை. அப்பா என்ன கேட்டாலும் பதில் இல்லை. 

மறுநாள் அவர் பட்டறைக்குப் போகவில்லை, பள்ளிக்குப் போனார். துணைக்கு இரண்டு நண்பர்கள். டீச்சருக்குச் சைகை தெரியாது, அப்பாவுக்கு வாய்ப்பேச்சு வராது. அவர் மகளின் இடது கையைப் பிடித்துத் தூக்கினார். அந்த விரல்களை அவளுடைய உதட்டில் வைத்தார். பிறகு கையை டீச்சரை நோக்கி நீட்டினார். இது என் பிள்ளையின் நாக்கு. டீச்சருக்குப் புரிந்தது, அதற்குப் பிறகு அந்தக் கையை யாரும் தொடவில்லை. காது கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் கையாலேயே பெயர் வைத்துக்கொள்வார்கள். கூட வந்த நண்பர்கள் அன்றைக்கே அதை அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். இடது கை விரல்கள் உதட்டைத் தொட்டு முன்னால் வந்தால், அது அவள்தான்.

இப்படி இருக்கையில் வந்து சேர்ந்தது வட்டம்.

நிலையத்தின் சின்னம் முன்பெல்லாம் திரையின் மேலே ஒரு ஓரமாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மங்கலாக இருந்தது. முதலாளிக்கு அது போதவில்லை. தங்க நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், ஓயாமல் சுழலும் வட்டம் ஒன்றைச் செய்யச் சொல்லி வலது கீழ் மூலையில் நிரந்தரமாகக் குடிவைத்தார். இந்தச் சங்கதி யாருக்குத்தான் புரிகிறது? பட்டனை அமுக்கி அந்தச் சேனலைப் போட்டதே நாம்தான். எதைப் பார்க்கிறோம் என்று நமக்குத் தெரியாதா? பெயர்ப்பலகையை வாசலில் மாட்டலாம், சாப்பிடுகிற தட்டிலா கொண்டுவந்து மாட்டுவார்கள்? பந்தாட்டத்தில் பந்து அந்த மூலைக்குப் போனால், அது வெளியே வரும்வரை நம்பிக்கையோடு காத்திருக்க வேண்டும். படத்தில் கதாநாயகி செத்துக் கிடப்பாள், காலடியில் வட்டம் குதூகலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஊரே திட்டியது. திட்டிக்கொண்டே பார்த்தது.

ஊருக்கு எரிச்சல், மூலைக்காரிக்கோ அடிமடியிலேயே கை. அவள் நம்மைப் பார்த்து நிற்பதால் அவளுடைய இடது கை திரையில் வலது ஓரத்தில் வரும். வட்டம் சரியாக அந்தக் கையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா காலமாகி ஏழு வருடமாகிறது. வீட்டில் அவளும் அப்பாவும்தான். அறுபத்தாறு வயதிலும் பட்டறைக்குப் போகிற அப்பா, மாலையில் செய்தியைத் தவறவிடமாட்டார். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய குறை ஒன்று தயாராக இருக்கும். மந்திரி பேச்சை இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்பார். மழையை அவசர அவசரமாகப் பெய்ய வைத்துவிட்டாய் என்பார். பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. சொல்லாததுதான் அவருடைய பெருமை என்று அவளுக்குத் தெரியும்.

வட்டம் வந்த அன்றைக்கு அவரிடம் குறை எதுவும் இல்லை. அவள் உள்ளே வந்தபோது, நாற்காலியின் ஓரத்தில் கழுத்தைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். தூணுக்குப் பின்னால் நிற்பவளை எட்டிப் பார்ப்பது போலப் பதினைந்து நிமிடமும் சாய்ந்து சாய்ந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

"பாதிதான் வந்துச்சு. மந்திரி ஏதோ சொன்னார்னு தெரியுது, என்ன சொன்னார்னு தெரியல" என்று கையால் சொன்னார்.

மறுநாள் அவள் நிலைய மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர் முகம் கோணக் கூடாது என்பது ஒன்றே அவருக்கு வாழ்க்கை. சைகைச் செய்தியைப் பற்றி இதுவரை ஒரு புகார்கூட வரவில்லையே என்றார். புகாருக்கென்று தனி போன் நம்பர் இருக்கிறது, இருபத்திநாலு மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள், ஒரு அழைப்புகூட இல்லை என்றார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"சார், அவங்க எப்படி போன் பண்ணுவாங்க?"

அப்படியென்றால் எழுதிப் போடட்டும் என்றார். எழுதிப் போட்டார்கள். அப்பாவும் அவருடைய காது கேளாதோர் சங்கத்துக்காரர்களும் சேர்ந்து பதினாறு கடிதம் போட்டார்கள். பதினாறுக்கும் ஒரே அச்சில் பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, புகார்களுக்குக் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கவும்.

அவள் மறுபடி போய் நின்றாள். இந்த முறை மேலாளர் யோசனை சொன்னார். "வலது கையால செஞ்சிடுங்களேன்மா. ஒரு வாரத்துல பழகிடும்." கூடவே, அவளுடைய ஒப்பந்தம் மாதாமாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தம் என்பதையும், முதலாளி ஆசைப்பட்டு வைத்த சின்னம் அது என்பதையும் ஞாபகப்படுத்தினார். அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இந்த வேலை போனால் இன்னொரு சைகைச் செய்தி அந்த ஊரில் கிடையாது. அவளுக்கும் கிடையாது, பார்க்கிறவர்களுக்கும் கிடையாது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் கட்டுப்பாட்டு அறையில் படத்தைச் சேர்த்து அனுப்புகிற பெரியவர். நல்ல மனுஷன். கேட்காமலே உதவி செய்கிற ரகம், அதுதான் வம்பு. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒருநாள் மாலை அவளுடைய கட்டத்தை மட்டும் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிவிட்டார். இடது கை திரையின் உள்பக்கம் வந்துவிட்டது. வட்டத்துக்குக் கீழே வெறும் ஒத்தாசைக் கை. பெரியவர் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அன்று வீட்டில் அப்பா முகம் கொடுக்கவில்லை. கடைசியில் கேட்டார். "யாரு உன் கையை மாத்துனது?"

அவள் எதுவும் மாற்றவில்லை என்றாள். தினமும் போல இடது கையால்தான் சொன்னேன் என்றாள். அவர் நம்பவில்லை. வலது கை பேசியதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். வேலை போய்விடும் என்று பயந்து கையை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டாள், அதையும் மறைக்கிறாள் என்று நினைத்தார். அப்பாவும் மகளும் சண்டை போட்டதில்லை என்று இல்லை, ஆனால் அவர் விளக்கை அணைத்து அவள் பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

அதே செய்தியில், ஆலை முக்கிலிருந்து போகும் வலதுபக்கச் சாலையை ஒரு மாதத்துக்குத் தோண்டப் போகிறார்கள், எல்லோரும் இடதுபக்கச் சாலையில் போகவும் என்று ஒரு அறிவிப்பு இருந்தது. அவள் தன் இடதுபக்கத்தைக் காட்டியது, படம் திரும்பியதால், பார்த்தவர்களுக்கு அவளுடைய வலதுபக்கத்தைக் காட்டியதாகப் போயிருந்தது. மறுநாள் காலையில் அப்பா செய்தியை மதித்து வலதுபக்கம் சைக்கிளைத் திருப்பினார். இரண்டு மைல் தாண்டி, ஆளை விழுங்குகிற பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் ஏற்கெனவே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் சங்கத்துக்காரர்கள். யார் சொல்லி இந்த வழியில் வந்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நான்கு பேருடைய கையும் உதட்டைத் தொட்டு முன்னால் வந்தது.

அப்பா கைபேசியில் அனுப்பிய தகவலைப் படித்துவிட்டு அவள் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். பெரியவர் முகமெல்லாம் பல்லாக, படத்தையே திருப்பிவிட்டேன் பார்த்தீங்களா என்றார்.

"அண்ணே, நீங்க என் கையைத் திருப்பல. ஊர் ரோட்டைத் திருப்பிட்டீங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உடனே படத்தைப் பழையபடி மாற்றினார். வட்டம் மறுபடி இடது கை மேல் வந்து உட்கார்ந்தது.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு நிலையத்தின் வரவேற்பறையில் முப்பத்திநாலு பேர் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று நாலு தடவை கேட்டுவிட்டு மேலாளரை அழைத்தாள். மேலாளர் மூலைக்காரியையும் கூட்டிக்கொண்டு, சிரிப்பை மாட்டிக்கொண்டு வந்தார். நான் பேசுகிறேன், நீங்கள் சைகையில் சொல்லுங்கள் என்றார்.

அவளுக்கு மாத ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. முன்வரிசையில் அப்பா, பட்டறைச் சட்டையோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

அப்பாவின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் துடித்ததை அவள் பார்த்தாள்.

மேலாளர் பேசினார். நேயர்கள்தான் எங்கள் செல்வம் என்றார், உங்கள் மீது நிறுவனத்துக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா என்றார். அவள் வலது கையால் மட்டும், வட்டம் விட்டுவைப்பது எதுவோ அதை மட்டும் சொன்னாள். மூன்று நிமிடம் ஆயிற்று. முப்பத்திநாலு பேரில் ஒருவர் தலைகூட அசையவில்லை.

"என்னம்மா, யாருக்குமே புரியலையா?"

"புரியாது சார். இடது கையை எடுத்துட்டேன். தினமும் ஏழு மணிக்கு உங்க வட்டம் எடுக்கிறது இதைத்தான்."

அவர் அவளுடைய முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தார். எதிரே நிற்கிறவர்களைப் பார்த்தார். சிரிப்பு தானாகக் கழன்றது. அதற்குப் பிறகு அவள் கையை முன்னால் எடுத்தாள். பள்ளத்தின் கதை, பதினாறு கடிதத்தின் கதை, கழுத்து சுளுக்கிய கதை எல்லாவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்ல அவருக்கு வாயால் சொன்னாள். ஒரு மணி நேரமும் அவர் நின்றுகொண்டே கேட்டார்.

மேலே போய் அவர் என்ன பேசினாரோ தெரியாது. பேசினார் என்பதே பெரிய விஷயம். நான்காம் நாள் உத்தரவு வந்தது. ஏழு மணிச் செய்தியின் பதினைந்து நிமிடமும் வட்டம் இருக்காது. அவளுடைய ஒப்பந்தமும் போகவில்லை.

அன்று மாலை அவள் சிவப்பு டேப் மேல் நின்றபோது கட்டுப்பாட்டு அறைப் பெரியவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வட்டம் மறைந்தது. இடது கை முழுக் கையாகப் பேசியது. விரல் நுனி வரை அவளுக்கே அது தெரிந்தது. செய்தி முடிந்து, வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லி விடைபெற்றார். அதைச் சொல்லி முடித்த பிறகும் படம் மாற இரண்டு நொடி மீதி இருந்தது. பதினொரு வருடமாகச் சும்மா நிற்கிற இரண்டு நொடி. அவள் இடது கை விரல்களால் உதட்டைத் தொட்டு, கையை முன்னால் நீட்டினாள்.

அவள் கீழே வந்தபோது புகார் போன் அலறிக்கொண்டிருந்தது. முதல்முறையாக அப்படி அலறியது. எல்லாம் காது கேட்கிறவர்கள். அந்தப் பதினைந்து நிமிடம் கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா, மீதி நேரமும் அந்த வட்டத்தைத் தூக்கிவிடக் கூடாதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவர் கைபேசியில் வீடியோவாக வந்து குவிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒவ்வொன்றிலும் ஒரு கை உதட்டைத் தொட்டு முன்னால் வந்தது. சிலதில் குடும்பமே வரிசையாக உட்கார்ந்து சொன்னது. அப்பாவின் கண் சிவந்திருந்தது; வெல்டிங் வெளிச்சத்தில் சிவந்தது இல்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இன்றைக்கு என்ன குறை என்று கேட்டாள்.

அப்பா கைபேசியைக் கீழே வைத்தார். சொல்வதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"உன் பேரைச் சொல்லும்போது அவசரப்பட்டுட்ட. நாளைக்கு நிதானமா சொல்லு."