முதுகில் மீன், நெஞ்சில் வேல்

போன கிழமை மகள் எனக்கு ஒரு டீ-சேட் வாங்கி வந்தாள். நல்ல விலையாம். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன் – கொம்பனியின் பேரையே காணோம்.

"எங்கையடி பிள்ளை லோகோ?"

"கையின்ரை விளிம்பிலை சின்னனா இருக்கு பாருங்கோ அப்பா. இப்ப அதுதான் ஸ்டைல்!"

கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

லோகோவை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்தவர்களில் நானும் ஒருவன். சிரிக்காதீர்கள்... உண்மை!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்கடையில் வேலை செய்தேன். முதலாளி சால்வோ. பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். கடையின் சின்னம் ஒரு வாள்மீன். என் பெர்மெஸ்ஸோ – இங்கே இருப்பதற்கான அனுமதி – முடிய ஒரு மாதம்தான் இருந்தது. புதுப்பிக்க சால்வோவின் வேலைக் கடிதம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் கூப்பிடுவதும் அந்த ஒரு கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருடம்தான் எங்கள் முருகனுக்கு முதல் தேர். வாடகை மண்டபம்தான் கோயில், அதன் முற்றம்தான் வீதி. தொண்டர்களுக்கு ஒரே மாதிரி டீ-சேட் வேண்டும் என்றார் தலைவர் கந்தையா அண்ணை. நான் வாய் சும்மா இராமல் அதை சால்வோவிடம் சொல்லிவிட்டேன்.

"நாற்பது சேட்டும் நான் தாறன்! ஆனா என்ரை மீனும் அதிலை இருக்க வேணும்" என்றார்.

கோயில் கூட்டம் கொதித்தது.

"விசர்க் கதை கதைக்காதை! மச்சம் தொடாமல் விரதம் இருக்கிற சனத்தின்ரை உடம்பிலை மீனோ?" – கந்தையா அண்ணை.

"அண்ணை, என்ரை கடிதம் அவரின்ரை கையிலை..."

நெஞ்சில் வேல். அதில் சண்டை இல்லை. மீன் எங்கே? கையில் வைத்தால், தலைக்கு மேல் கும்பிடும்போது மீனும் மேலே ஏறும். இடுப்பில் வைத்தால் சால்வோ கோபிப்பார்.

"முதுகிலை போடச் சொல்லு. சாமிக்குத் தெரியாது" என்றார் அண்ணை அரை மனதாக.

சாமிக்குத் தெரியாதாம்!

சால்வோவுக்கோ பரம சந்தோஷம். "முன்னாலை நிக்கிறவன் முகத்தைப் பாப்பான். பின்னாலை நிக்கிறவனுக்கு முதுகை விட்டா வேறை என்ன இருக்கு?" வியாபாரி வியாபாரிதான்! தேருக்கு மனைவியோடு வருவதாகவும் சொன்னார். கடிதம்? "அதைத் திங்கட்கிழமை கதைப்பம்."

தேர் நாள். நாற்பது பேரும் வரிசையாக நிற்க, எனக்கே பெருமையாக இருந்தது. சுவிஸிலிருந்து வந்திருந்த ஐயர் வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன இது? வடம் பிடிக்கிற ஆம்பிளையள் எல்லாரும் சேட்டைக் கழட்டுங்கோ!"

ஐயோ... அதை எப்படி மறந்தோம்? வாடகை மண்டபத்தில், மாரிக் குளிரில், சேட்டோடு கும்பிட்டுக் கும்பிட்டு எங்கள் வழக்கமே எங்களுக்கு மறந்து போயிருந்தது. கையா, இடுப்பா, முதுகா என்று மூன்று கிழமை அடிபட்டோம். சேட்டே உடம்பில் இருக்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

நாற்பது சேட்டும் கதிரைகளில் குவிந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் சால்வோ வந்து சேர்ந்தார்.

"என்ரை மீன் எங்கை?"

எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னேன்: "சாமிக்கு முன்னாலை நாங்கள் மேலுக்கு ஒண்டும் போடுறேல்லை. முதலாளி, வேலைக்காரன் எண்டு ஒரு அடையாளமும் இல்லை. நான் முதலே யோசிச்சிருக்க வேணும். பிழை என்ரைதான்."

உள்ளுக்குள்ளே ஒரே மன்றாட்டம். முருகா, கடிதம்... மனிசி... பிள்ளை...

சால்வோ கதிரைகளைப் பார்த்தார். வடத்தோடு நின்ற வெறும் முதுகுகளைப் பார்த்தார். பிறகு – தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்!

"சால்வோ! வெக்கமில்லையோ?" என்று அவர் மனைவி கத்தினார்.

அவர் காதில் விழவில்லை. "எங்கை பிடிக்கிறது?" என்று என்னைக் கேட்டார். கந்தையா அண்ணைதான் நகர்ந்து, தனக்கு முன்னால் இடம் விட்டார். "அரோகரா!" என்று நாங்கள் கூப்பிட, அவர் "ரோகாரா!" என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார். தேர் அசைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை கடிதம் கைக்கு வந்தது. அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

நம் பேரை எங்கே ஒட்டலாம் என்று நாம் ஓடித் திரிகிறோம். ஆண்டவனோ, ஒட்டுவதற்கு இடமே இல்லாமல் வா என்கிறான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த முதல் தேர் விரதம் முடிந்த மறுநாள் காலை எங்கள் சனம் முழுக்க சால்வோ கடை வாசலில் – வரிசையில் முதல் ஆள் கந்தையா அண்ணை!