கதவோரம் இருக்க வேண்டிய நாற்காலி

ஆபத்து என்றால் சட்டென்று வெளியேற, மனநல மருத்துவர் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த அறையில் நாற்காலியைச் சுவரோரம்தான் போட முடியும். கேட்டதற்கு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க டாக்டர்" என்றார்கள். அப்படிச் சொன்ன அதிகாரியின் அறைக்கு இரண்டு கதவு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து மனநல மருத்துவர் நான் ஒருத்திதான். யாரிடமாவது கொஞ்சம் கூடுதல் நேரம் பேசினால் வெளியே வரிசையில் கூச்சல் கிளம்பிவிடும்.

சோழபுரத்துக்காரர் ஒருவர் தன் தம்பிக்காக மாதாமாதம் மாத்திரை வாங்க வருவார். தம்பியை அழைத்து வரச் சொல்வேன். "வர மாட்டேங்கான்மா" என்பார். வரிசை நெருக்கும். அதே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அன்றைக்கு அவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். எனக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார். என் கை மேசைமேல் அழைப்பு மணியைத் தேடியது. அப்படி ஒன்றை எனக்கு யாரும் கொடுத்ததே இல்லை.

வெளியே தட்டினார்கள். "உள்ள எம்புட்டு நேரம்?"

"பயப்படாதீங்கம்மா, செத்த நேரம் பேசணும், அம்புட்டுதான்," என்றார் அவர். "தம்பியையும் வீட்டுல இப்படித்தான் தாழ்ப்பாப் போட்டு வச்சிருக்கேன். நேத்திலருந்து உள்ள சத்தமே இல்ல. தொறந்து பாக்க எனக்கு தைரியம் வரல."

வெளியே இன்னும் பலமாகத் தட்டினார்கள்.