வாழ்நாள் பூரா

மாத்திரை டப்பா கலகலவென்றால் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் வாசம் வந்துவிடும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து எய்ட்ஸில் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளையான எனக்கும் அந்தக் கிருமி இருந்தது. அப்பாவைப் பெற்ற அப்பாருதான் துணை. மில் வேலையிலிருந்து நின்றுவிட்டு, மகன் பார்த்துக்கொள்வான் என்று உட்கார்ந்தவர் அவர். "இந்தப் புள்ளையும் தங்காதுங்க. நாளைக்கு உங்களுக்குக் கஞ்சி ஊத்த ஆரு இருக்கறாங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எங்கள் ஊரில் இதைக்கூட மரியாதை குறையாமல்தான் கேட்பார்கள்.

ஒருநாள் அப்பாரு சிங்காநல்லூரில் பஸ் ஏறி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நர்ஸம்மா மாத்திரையைக் காட்டி, "இதை வாழ்நாள் பூரா சாப்பிடோணுங்க" என்றார். பக்கத்தில் அதே பேச்சைக் கேட்ட ஓர் அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பாரு மட்டும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, அப்ப இவளுக்கு வாழ்நாள் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. தவறாமக் குடுத்தா, உங்களையே வெச்சுப் பார்ப்பாளுங்க."

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "எம்பட பேத்திக்கு வாழ்நாள் பூரா மாத்தரைங்க!" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அந்த மனுஷர் திருதிருவென்று விழித்தார்.

இத்தனை வருஷம் கழித்து, இப்போது குளியலறையிலிருந்து சத்தம் வருகிறது. "ஏன் அம்மணி, முதுகு தேய்க்க வாரேன்னு சொல்லிப்போட்டு, கிழவனைக் குளுருல நிக்க வெச்சுப்போட்டியே!"

"வந்துட்டேனுங்க அப்பாரு!"