அப்பா வீட்டு வாசல் குழாய்

ஒழுகும் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட், அது நிறைந்ததும் செம்பருத்திக்கு மொண்டு ஊற்ற ஒரு சொம்பு. பரமத்தி வேலூரில் என் தம்பி வீட்டு வாசலில் இதுதான் ஏற்பாடு. எல்லாரும் பக்கெட்டைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த எனக்கு மட்டும் அந்தச் சொட்டுச் சத்தம் மண்டைக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. "ப்ளம்பர்கிட்டச் சொல்லியாச்சுக்கா. நாளைக்கு வாரேன்னிருக்கறாரு" என்றான் தம்பி குமரேசன். மறுநாள் கேட்டேன். அதே பதில். அதற்கு மறுநாளும் அதேதான்.

ஜெர்மனிக்குப் போன புதிதில் நானும் இப்படி ப்ளம்பருக்காகக் காத்திருந்தவள்தான். கீழ்வீட்டுப் பெரியவர் ஒருநாள் கதவைத் தட்டி, தோட்டத்துப் பக்கம் கை காட்டி, "ஹான் கபுட்" என்றார். கபுட் என்றால் கெட்டுப்போனது. ஹானை அகராதியில் தேடினேன். சேவல் என்று இருந்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு அது போதாதா? அவர் ஆசையாக வளர்த்த சேவல் செத்துப்போய்விட்டது என்று நினைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எத்தனை வயது?" என்று அரைகுறை ஜெர்மனில் விசாரித்தேன். மனிதர் விழித்தார். பிறகு என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒழுகும் குழாயைக் காட்டினார். அவர்கள் மொழியில் குழாய்க்கும் சேவலுக்கும் ஒரே சொல். ப்ளம்பர் வந்தபாடில்லை. கடைசியில் நாங்கள் இருவருமே ஸ்பேனரைப் பிடித்தோம். அன்றிலிருந்து அந்த வாடகை வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் நான்தான் பார்க்கிறேன்.

ஆகவே கடைவீதிக்குப் போய் வாஷர் கேட்டேன். கடைக்காரர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "ஊட்டுல ஆம்பளையாளுங்க யாரும் வல்லீங்களா?"

"வாஷர்தானுங்க வேணும்."

"இப்ப யாருங்க வாஷர் மாத்தறாங்க? பைப்பையே புதுசா மாட்டிருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்து நீட்டினார். வாதாடித்தான் வாஷரை வாங்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கேட் வால்வை மூடிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து தம்பி மனைவி பூங்கொடி, "தண்ணி நின்னுபோச்சுங்களே!" என்று ஓடிவந்தாள். அதே நேரம் குமரேசனும் லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தான்.

"என்னக்கா இது? ரோட்டுல போறவங்க பாக்கறாங்க. அக்காள உட்டு வேல வாங்கறான்னு பேச மாட்டாங்களா?"

"ஒழுகறதப் பாத்துட்டு அவங்க ஒண்ணும் பேசலியாடா?" எனக்கும் ஏறிவிட்டது.

பூங்கொடி என் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "பங்கு வேணும்னா நேராவே கேட்டுருங்க நங்கையா. இப்புடி ஊட்டுல கை வெச்சுக் காட்ட வேண்டாமுங்க."

அப்பா உயில் எழுதாமல் போனவர். அவர் இறந்த பின் வீட்டைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறந்ததில்லை. நான் வரும்போதெல்லாம் இவள் இந்தப் பயத்தோடுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பது அந்த நொடிவரை எனக்குத் தெரியாது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம் பூங்கொடி. சொட்டறது நின்னாப் போதும்" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. குமரேசன் என் பக்கத்தில் குத்தவைத்து, சுவரிலிருந்து வரும் பழைய குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "ம், திருப்பு" என்றான். திருப்பினேன்.

வாஷரை மாற்றி, வால்வைத் திறந்தோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. குமரேசன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனான். என் கை இரண்டும் துருவும் பழைய கிரீஸுமாகக் கறுத்திருந்தன. "பூங்கொடி, கை தொடைக்க ஏதாச்சும் பழந்துணி இருந்தாக் குடு" என்றேன். அவள் உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த வெள்ளைத் துண்டு, மடிப்புக்கூடக் கலையாதது. மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அப்பா கட்டிய வீட்டு வாசலில், கறுத்த கையில் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, துடைக்காமல் நின்றேன்.