கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு கும்பிடு

கல்யாணத் தரகருக்காவது பெண் வீட்டில் ஒரு டம்ளர் காபி கிடைக்கும். கல்லூரிக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் பேசப் போகிறவனுக்கு வாட்ச்மேன் ரூமுக்குப் பக்கத்துப் பெஞ்சுதான் கிடைக்கும். யாரிடமாவது போய் “சார், ஒரு நல்ல காரியமா வந்திருக்கேன்” என்று ஆரம்பித்து, எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் பேசி முடித்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். பக்கத்தில் உட்காருங்கள், பெஞ்சில் இடம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரைத் தாண்டியிருந்த ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் எனக்குத் ‘தொழில்துறைத் தொடர்பு அலுவலர்’ என்று ஒரு பதவி கொடுத்தார்கள். அதற்கு முன்பு ஒரு மில்லில் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லை மூடிவிட்டார்கள். நாலு முதலாளிகளைத் தெரியும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. திட்டம் என்னவென்றால், காலேஜ் இடம் கொடுக்கும், கம்பெனி பணம் கொடுக்கும், புதிதாக ஒன்றைச் செய்து காட்டியவருக்கு ஒரு ஷெட்டும் மிஷின்களும் கொடுத்துச் சொந்தத் தொழில் ஆரம்பிக்க வைப்பார்கள். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? நானும் நம்பித் தொலைத்தேன்.

புதுசும் வேணும், பழசாவும் இருக்கோணும்

முதன்முதலாக நான் போனது ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளியிடம். காலையில் போனவனை மத்தியானச் சங்கு ஊதிய பிறகுதான் உள்ளே கூப்பிட்டார். பேச்சில் குறையே சொல்ல முடியாது. ‘வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க’ என்று வாய் நிறைய ‘ங்க’. எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் ‘போய்ட்டு வாங்க’ என்றுதான் தள்ளுவார்கள்.

மாணவர்கள் செய்த மாடல்களின் போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார், ‘இது எங்கயாச்சும் ஓடுதுங்களா?’ என்று. எங்கேயும் ஓடவில்லை, இதுதான் முதல் தடவை, அதனால்தான் இதற்குப் புதுமை என்று பெயர் என்று நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் போட்டோக்களை அடுக்கித் தட்டிச் சரிசெய்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். கதவு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பும்போது சொன்னது இது:

“கண்டிப்பா பணம் தர்றேனுங்க, புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சுட்டு வாங்க, ஆனா அது ஏற்கெனவே நாலு மில்லுல ஓடிட்டிருக்கோணும், பாத்துக்கங்க.”

எந்தத் தோட்டமுங்க?

எங்கள் காலேஜில் ஸ்டெல்லா என்று ஒரு விரிவுரையாளர். நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் ஜூன் மாதம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிற தற்காலிக வேலை. அவர் ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தார். போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டால் அந்தப் பெட்டி மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும். ஊறி வந்ததும் தானாகப் போட்டுவிடும். அதைச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அப்பா சத்தியமங்கலம் பக்கம் ஒருவருடைய தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவர். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச்சுருள் எரிந்தால், அதை மறுபடி சுற்றுகிற ரீவைண்டிங் செலவை அப்பாவின் கூலியில் பிடிப்பார்களாம். ‘கரன்ட் எப்ப வரும், தண்ணி எப்ப போகும்னு எங்கப்பாவுக்கு எப்படிங்க சார் தெரியும்?’ என்று ஸ்டெல்லா ஒருநாள் என்னிடம் கேட்டார். காலேஜ் ஷெட் கிடைத்தால் அந்தப் பெட்டியைச் செய்து விற்கலாம், அப்பாவை அந்தத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்துவிடலாம். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில் இருந்த ஒரு பம்ப்செட் முதலாளியிடம் அவரைக் கூட்டிப் போனேன். முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. ‘அம்மணி, பிரமாதமா செஞ்சிருக்கறீங்க. ஊரு எதுங்க?’ என்றார். சத்தியமங்கலம் என்றார் ஸ்டெல்லா. ‘அட, நம்ம பக்கந்தான். சத்தியில எந்தத் தோட்டமுங்க?’ எங்கள் பக்கத்தில் இது விலாசம் கேட்கிற கேள்வி இல்லை. தோட்டத்துப் பெயரைச் சொன்னால் யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான் என்று மொத்தமும் தெரிந்துவிடும். தோட்டம் இல்லாதவர் யார் என்பதும் அதே வேகத்தில் தெரிந்துவிடும். ஸ்டெல்லா தலையைக் குனியவில்லை. ‘தோட்டம் எங்களுதில்லீங்க. எங்கப்பா அங்க தண்ணி கட்டறாருங்க’ என்றார்.

அதோடு சரி. அதற்குப் பிறகு முதலாளி பெட்டியைப் பற்றிய கேள்விகளையெல்லாம் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு அந்தப் பெட்டியில் தலை எது, வால் எது என்று தெரியாது. அவர் என்னைக் கேட்பார், நான் ஸ்டெல்லாவைக் கேட்பேன், ஸ்டெல்லா எனக்குச் சொல்வார், நான் அவருக்குச் சொல்வேன். மூன்று பேரும் ஒரே மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் முதலாளி என் பக்கம் சாய்ந்து, குரலைக் குறைத்துக்கொண்ட மாதிரி காட்டி, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“பெட்டி நெம்ப நல்லாருக்குதுங்க, ஆனா ஷெட்டு போட்டு ஆளுங்களை வெச்சு வேலை வாங்கறதெல்லாம் இவங்களுக்குப் பழக்கமிருக்காதுங்களே?”

வேலையில்லாத ஸ்க்ரூ

வீம்புக்கென்றே பெட்டியை மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப் போனோம். அங்கே ஒரு பாக்குத் தோட்டக்காரர், என் பழைய சிநேகிதர். அந்தக் கோடையில் அவருடைய மோட்டார் திரும்பத் திரும்ப எரிந்து, ரிப்பேருக்கு வண்டியில் ஏற்றி இறக்கி ஓய்ந்துபோயிருந்தார். ‘எதையாச்சும் மாட்டுங்க சாமி, இதுக்கு மேல எரிய என்ன இருக்குது?’ என்று மோட்டார் ரூமைத் திறந்து விட்டுவிட்டார். ஸ்டெல்லா பெட்டியை ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். நாங்கள் இளநீர் குடித்துக்கொண்டே காத்திருந்தோம். தண்ணீர் குறைந்து பைப் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மோட்டார் கப்பென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாக ஓடவும் செய்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, தட்டியும் விட்டேன்.

தோட்டக்காரர் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, மூடியின் மூலையில் தனியாக இருந்த ஒரு ஸ்க்ரூவைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘அது ஒண்ணுக்கும் இல்லீங்க. ஓட்டையைத் தப்பான எடத்துல போட்டுட்டனுங்க. பாக்க அசிங்கமா இருக்குதேன்னு ஒரு ஸ்க்ரூவை வெச்சு அடைச்சுட்டேன்’ என்றார். தோட்டக்காரரும் சிரித்தார். நீங்கள் இதை விற்க ஆரம்பித்தால் இவர் முதல் ஆளாக வாங்குவார் என்று நான் ஸ்டெல்லாவிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன். தோட்டக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்:

“அம்மணி வித்தா அம்மணிகிட்ட வாங்குவேன், கம்பெனிக்காரன் வித்தா கம்பெனிக்காரன்கிட்ட வாங்குவேன், எனக்கு மோட்டார் எரியக்கூடாது, அவ்வளவுதானுங்க.”

பேர் வைக்கிற அவசரம்

பெட்டி ஓடிய சேதி எப்படியோ கணபதிக்குப் போய்ச் சேர்ந்தது. பம்ப் முதலாளி காலேஜுக்கே போன் போட்டுவிட்டார். ஷெட்டுக்குப் பணம் தருகிறேன், ஆனால் பெட்டியைக் கொஞ்ச நாள் எங்கள் கம்பெனியில் விட்டு வையுங்கள், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். காலேஜ் முதல்வருக்குக் கால் தரையில் படவில்லை. அதற்கு முன்னால் ஸ்டெல்லா பெயரில் பேட்டன்ட்டுக்கு எழுதிப் போடலாமே என்று நான் இழுத்தேன். முதல்வர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பந்தியில் குறுக்கே புகுந்தவனைப் பார்ப்பது போல இருந்தது. டிரைவரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காரில் வைக்கச் சொன்னார். எனக்கு ஆறுதலாக ஒன்றும் சொன்னார்:

“முதல்ல கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும், குழந்தைக்குப் பேரு அப்புறமா வெச்சுக்கலாம்.”

ஆயுத பூஜைக் குளியல்

கோயமுத்தூரில் ஆயுத பூஜைக்கு மிஷின்கள் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். லேத்திலிருந்து தராசு வரைக்கும் ஒன்று விடாமல் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, திருநீறு சந்தனம் பூசி, மாலை போட்டு, பொரிகடலை படைத்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் மிஷின்தான் முதலாளி. பூஜை முடிந்த மறுநாள் நானும் ஸ்டெல்லாவும் பெட்டியை வாங்கப் போனோம். நெற்றி நிறையச் சந்தனத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். மாட்டிப் பார்த்தால் உயிரே இல்லை. மேனேஜர் கையைப் பிசைந்தார். ‘பசங்க தெரியாம கழுவிப்போட்டாங்க சார். சாமிக்கு வெக்கறதாச்சேன்னு பைப்பையே புடிச்சுட்டாங்க’ என்றார்.

நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? எங்கள் மில்லில் ஒரு டைப்ரைட்டரையே பக்கெட்டுக்குள் முக்கி எடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஸ்டெல்லா பெட்டியை மடியில் வைத்து, மூடியைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரத்தில் அவர் பூசியிருந்த பசையை யாரோ சுரண்டி எடுத்துவிட்டு வேறு பசை பூசியிருந்தார்கள். கூரை ஒழுகுகிற மோட்டார் ரூம்களுக்கென்றே அவர் செய்த பெட்டி அது. காந்திபுரம் வந்ததும் மெல்லச் சொன்னார்:

“இது தண்ணி பட்டா கெடாதுங்க சார், பிரிச்சாத்தான் கெடும்.”

திறப்பு விழா

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். தாளாளரிடம் போய்ச் சொன்னேன். ‘பணம் குடுக்கறவர் மேல பழி போடறீங்களா?’ என்று இரண்டு பேருமே ஒரே வார்த்தைகளில் கேட்டார்கள். சேர்ந்து உட்கார்ந்து மனப்பாடம் செய்திருப்பார்களோ என்னவோ. ஷெட் எழும்பியது. பம்ப் முதலாளியின் அப்பா பெயரில் பளபளவென்று போர்டு. வாசலில் வாழைமரம், மைக் செட், நாதஸ்வரம். திட்டத்தின் முதல் தொழில்முனைவோர் என்று மேடையில் கூப்பிட்டார்கள், கூப்பிட்டது ஸ்டெல்லாவை இல்லை. எழுந்து போனது முதலாளியின் மாப்பிள்ளை. ஸ்டெல்லாவிடம் குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவத்தித் தட்டைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். கூட்டு முயற்சியைக் கொண்டுவந்தவன் என்று எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் கழற்றிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை மேஜை மேலிருந்த துணியை விலக்கினார். வரிசையாகப் பத்துப் பதினைந்து பெட்டிகள், கம்பெனி ஸ்டிக்கரோடு. ‘எங்க ஆர் அண்ட் டி ஆளுங்க ராத்திரி பகலா உழைச்சுக் கண்டுபிடிச்சது’ என்றார். ஒரே கைதட்டல். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும், அதே மூலையில், அதே வேலையில்லாத ஸ்க்ரூ. ஒரு பெட்டி விடாமல் ஓட்டை போட்டு, ஒரு பெட்டி விடாமல் அதை ஸ்க்ரூ வைத்து அடைத்திருந்தார்கள். சாம்பிளை வாங்கிப் பிரித்துப் பார்த்து அப்படியே செய்து பழகிய கைகள். எது தேவை, எது தேவையில்லை என்று நின்று யோசிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, ‘இந்த ஒத்தை ஸ்க்ரூ எதுக்கு?’ என்று கேட்டார். மாப்பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ‘அது எர்த்துக்குங்க சார், சேஃப்டிக்காகவே ஸ்பெஷலா வெச்சிருக்கறோம்’ என்றார். அதிகாரி தலையாட்டிப் பாராட்டினார்.

ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். தட்டு இன்னும் கையில்தான் இருந்தது. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பக்கத்தில் போய் நின்றதும், மேடையைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்:

“நான் செஞ்ச தப்பைக்கூட எனக்குன்னு விட்டு வெக்கலீங்களே சார்.”

ஆக, புதுமைக்காகக் கல்லூரியும் கம்பெனியும் கைகோத்ததில் வேலையில்லாத ஒரு ஸ்க்ரூவுக்கு வேலை கிடைத்தது, மாப்பிள்ளைக்கு ஷெட் கிடைத்தது, எனக்குச் சால்வை கிடைத்தது, ஸ்டெல்லாவுக்குப் பெருந்துறையில் யாருடைய ஷெட்டிலோ மாதச் சம்பளம் கிடைத்தது, அவருடைய அப்பா இன்னமும் தண்ணீர் கட்டுகிற தோட்டத்தில் கம்பெனிப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள், மோட்டார் மட்டும் இப்போது எரிவதில்லையாம்.