செல்வி பெயரில் நான் வாங்கிய கடன்

எங்கள் வீட்டில் வேலை செய்த செல்வியின் பெயரில் நான் கடன் வாங்கினேன். தவறு என்று தெரிந்தே வாங்கினேன்.

அப்போது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் எனக்கு நிரந்தர வேலை, நல்ல சம்பளம். ஆனால் மகள் திருமணத்துக்காக வங்கியில் வாங்க முடிந்த கடனையெல்லாம் வாங்கியிருந்தேன். செல்வி மகளிர் குழுவில் கடன் எடுத்து, மைன்ஸ் கேட் அருகே இட்லிக் கடை போட்டிருந்தாள். காலை வியாபாரம் முடிந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவாள்.

"அடுத்த லோனை எனக்கு வாங்கிக் கொடும்மா. தவணையை நான் கட்டிடறேன்" என்றேன்.

"சார் கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறேங்க?" என்றாள்.

சில தவணைகள் கட்டினேன். பிறகு அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அவர்கள் செல்வி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கடையை மூடி, இட்லிப் பானையையும் அடுப்பையும் விற்றுக் கட்டினாள். என் மனைவி சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது.

ஓய்வு பெற்றதும் வந்த பணத்துடன் குழுக் கூட்டத்துக்கே போய், செல்வி கட்டியதை அவளிடம் கொடுத்து, எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னேன்.

"பெர்மனென்ட் சாருக்கு எங்க செல்வி ஜாமீனா? இது தெரியாம இவளத் திட்டிக்கினு இருந்தோமே!" என்றார் குழுத் தலைவி. சிலர் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை.

குழு அவளுக்கு மறுபடி கடன் கொடுத்தது. நண்பர்கள் யாராவது வேலைக்கு வரும் பெண்ணிடம் லோன் கேட்கப் போவதாகச் சொன்னால், இப்போது இதைச் சொல்லித் தடுக்கிறேன்.

கடையை மறுபடி திறந்த அன்று செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "இனிமே வூட்டு வேலைக்கு வரலீங்க, சார்" என்றாள்.