வாலை முன்னே விட்டுப் பறந்த கொக்குகள்

சினிமாப் பாட்டில் பார்த்த இடத்தை நேரில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு முன்னால் யாரும் எழுதி வைக்காததால் நான் மாட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு காதல் படம். பெயர் வேண்டாம். அதில் ஒரு பாட்டு. மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பும். கதாநாயகி ஆற்றுக்குள்ளிருந்து நம்மை நோக்கி நடந்து வருவாள். தலைக்கு மேலே கொக்குக் கூட்டம். டிவியில் அது வரும்போதெல்லாம், "எங்க ஊர்த் தாமிரபரணியாக்கும்!" என்று சோபாவில் சாய்ந்து காலாட்டுவேன், அந்த மலையை நானே சுமந்து கொண்டுபோய் வைத்தது போல. என் மனைவி வசந்தா கடலூர்க்காரி. சூரியன் கடலில் உதிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். "மலையில உதிக்கிறத ஒரு தடவ காட்டுங்க. அந்தத் தண்ணியில நான் நடக்கணும்" என்பாள். "அடுத்த லீவுக்கு" என்பேன். அப்படியே பன்னிரண்டு வருடம். அடுத்த மாதம் அவளுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. அதன்பின் பாசி வழுக்கும் ஆற்றில் எப்போது இறங்குவாளோ? ஜனவரிக் கடைசி சனிக்கிழமை, கிளம்பிவிட்டோம்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டை விடுதியிலிருந்து அதிகாலை 4.45க்கு வாடகைக் கார். ஒரு நாளைக்கு 2,400 ரூபாய். ஓட்டுநர் இசக்கி, அம்பாசமுத்திரத்துக்காரர். முப்பத்தாறு கிலோமீட்டர், 5.50க்கு ஆறு வளைகிற ஒரு கரையில் இறக்கிவிட்டார். மலை இருட்டோடு இருட்டாக நின்றது. செல்போனை மலைக்கு நேரே பிடித்துக்கொண்டு நானும் வசந்தாவும் காத்திருந்தோம்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! மலை உச்சி மட்டும் முதலில் சிவந்தது. சிவப்பு பைய இறங்கி, பாறை பாறையாக, மரம் மரமாகத் தொட்டுத் தொட்டு வந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு சுட்டது. அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

"அண்ணாச்சி, அங்கன என்னத்தப் பாக்கீய?" என்றார் இசக்கி.

"சூரியன் வரும்லா?"

"அது ஒங்க முதுகுக்குப் பின்னால வந்து கால் மணி நேரமாச்சே!"

திருநெல்வேலியில் பிறந்தவனுக்கு மலை மேற்கே என்பது மறந்துபோகுமா என்று கேட்பீர்கள். ஒன்றாம் வகுப்பில் இரண்டு மலை வரைந்து நடுவே சூரியனை உதிக்க வைத்த கை இது. அந்தப் படமே மனசில் தங்கிவிட்டது.

"ஏங்க, உங்க ஊர் மலையில இன்னிக்குச் சூரியனுக்கு லீவா?" என்றாள் வசந்தா. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கை முழங்காலைப் பிடித்திருந்தது.

"அந்த மலையைக் கம்ப்யூட்டர்ல சேத்திருப்பாங்க" என்று கூசாமல் புளுகினேன்.

"யாரு சொன்னா? ஷூட்டிங்ல நான் நின்னேம்லா!" என்று இசக்கி குறுக்கே விழுந்தார். "டைரக்டருக்கு மலையிலதான் சூரியன் உதிக்கணுமாம். சாயங்காலம் விழுதத எடுத்துத் தலகீழா ஓட்டிட்டாவ. அந்தப் பிள்ள கரையிலருந்து பின்னாலயே நடந்து தண்ணிக்குள்ள போச்சு. நாலு தடவ வழுக்கி விழுந்துச்சு, பாவம். கல்லெறிஞ்சு கொக்க கெளப்புனது நான்தான். படத்த நல்லாப் பாருங்க, அம்புட்டும் வால முன்ன விட்டுப் பறக்கும்."

கரையிலேயே பாட்டைப் போட்டுப் பார்த்தோம். ஆமாம், வால்தான் முன்னே!

சென்னைக்கு ரயில் மதியம் 2.40க்கு. அதை விட்டால் பஸ்ஸில் பதினோரு மணி நேரம் காலை மடக்கி உட்கார வேண்டும். சாயங்காலம் வரை நிற்க வேண்டாம் என்றேன். "மடக்கத்தான் முடியும், நீட்டத்தான் வலிக்கும். டிக்கெட் போனாப் போகட்டும்" என்றாள் வசந்தா. ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

மாலை 5.30க்கு அதே கரை. பெரிய மலை என்பதால் பஞ்சாங்கம் சொல்வதற்குக் கால் மணி முன்பே, 6.05க்கு, சூரியன் உச்சியைத் தொட்டுவிட்டது. ஆறு முழுக்கச் செம்பை உருக்கி ஊற்றியது போலிருந்தது. கரையில் நின்று செல்போனில் வீடியோவைத் தட்டிவிட்டேன். வசந்தா என்னைப் பார்த்தபடி பின்னால் ஓர் அடி வைத்தாள். முழங்காலளவு தண்ணீரில் இசக்கி, படத்தில் விழாமல் ஒதுங்கி, கையை நீட்டியபடி நின்றார்.

"பைய, மதினி... இன்னும் ஒரு எட்டு. கல்லு கெடக்கு, இங்கன வைங்க."

ஏழு அடி. ஏழாவது அடியில் இசக்கி ஒரு சத்தம் கொடுக்க, கொக்குகள் கிளம்பின. வீடியோவைத் தலைகீழாக ஓட்டும் வசதி என் செல்போனிலேயே இருந்ததாம், கண்டுபிடித்ததும் இசக்கிதான்.

மலையிலிருந்து சூரியன் எழுந்தது. கொக்குகள் வாலை முன்னே விட்டு வந்து மரத்தில் அமர்ந்தன. வலி தெரியாதவள் போல, செம்புத் தண்ணீரிலிருந்து வசந்தா என்னை நோக்கி நடந்து வந்தாள்.

நீங்கள் போனால்: உதயத்துக்குக் கிழக்கே பாருங்கள், மலை சிவப்பதைப் பார்க்க மட்டும் மேற்கே. அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று உள்ளூரில் கேட்காமல் இறங்காதீர்கள். துணைக்கு ஒருவர் தண்ணீரில் நிற்கட்டும். வண்ணார்பேட்டையிலிருந்து இரவு எட்டு மணிக்குச் சென்னை பஸ் இருக்கிறது, ஆளுக்கு 950 ரூபாய். கையோடு சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். வசந்தா பார்த்துப் பார்த்தே, கோவில்பட்டி வருமுன் என் செல்போன் அணைந்துவிட்டது.